கறைக்கு விட்ட இடம்

மார்ச் 2

கரையான் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைக்கிறவர்கள் நலமாகத்தான் இருப்பார்கள்.

நேற்று நான் கேட்டது ஒரே கேள்விதான். நீ வரைந்து அனுப்பிய குடும்பப் படத்தில் சின்னம்மா எங்கே? அதற்கு "எனக்கு மீட்டிங் இருக்குக்கா" என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு யாரோடுடா மீட்டிங்? உன் பீரோவோடா? இனி உனக்கும் எனக்கும் போனில் பேச்சு கிடையாது. போனில் திட்டினால் பாதியில் வைப்பாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் அது அங்கேயே கிடக்கும். மறுபடி எடுத்தால் விட்ட இடத்திலிருந்து திட்டும்.

உன் உறையைக் கொடுக்கும்போதே தபால்காரர் ஒரு மாதிரி பார்த்தார். "என்னம்மா இது, உறைய உரிச்சு உள்பக்கத்த வெளிய போட்டு ஒட்டியிருக்காங்க?" என்றார். "என் தம்பிதாங்க. ஆபீஸ்ல காகிதம் மிச்சம் பண்ணிக் கேடயம் வாங்கினவன்" என்றேன். மனுஷனுக்குச் சிரிப்பதா பாராட்டுவதா என்று தெரியவில்லை. சின்ன வயதில் நோட்டுப் புத்தகத்தின் மூலையைக் கடித்துத் தின்று கரையான் என்று பெயர் வாங்கியவன், இன்றைக்குக் காகிதத்துக்குக் காவல். இதை அவரிடம் சொல்லவில்லை. குடும்ப மானம்.

உள்ளே பார்த்தால் ஐந்து தலைமுறை, நாற்பத்தொரு பேர், ஒரே தாள். கூடவே பல் டாக்டர் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு கட்டளை: நகல் எடுக்கவில்லை, இது ஒன்றுதான், தேதிகளைச் சரிபார்த்து, மடிக்காமல், எண்ணெய் படாமல் திருப்பி அனுப்பவும்.

நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துத்தான் படிக்க முடிந்தது. சின்னம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இது யாருடி?"

"அப்பா."

"இது?"

"அம்மா. உன் அக்கா."

"சரி. நான் எங்க இருக்கேன்?"

"இரு, தேடிட்டிருக்கேன்."

நாற்பத்தொரு கட்டத்தில் ஒரு ஆளைத் தேட எவ்வளவு நேரம் ஆகும்? நான் அரை மணி நேரம் தேடினேன். அப்புறம் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

அம்மா போனபோது உனக்கு ஒன்றரை வயது, எனக்கு ஏழு. பத்து நாள் துணைக்கு இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள் சின்னம்மா. நாற்பத்தாறு வருஷமாக அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. ஏப்ரல் ஆறாம் தேதி உன் புது வீட்டுக் கூடத்தில் படத்தை மாட்டி, சொந்தம் அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டப் போகிறாய். அவளுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. வந்து நின்று எந்த இடத்தைப் பார்ப்பாள்? சொல்.

கொதிப்போடு,
அக்கா

&nbsp;

மார்ச் 7

அக்காவுக்கு,

உன் கடிதத்தின் பின்பக்கத்திலேயே பதில் எழுதுகிறேன். நீ ஒரு பக்கம் மட்டும், அதுவும் வரிக்கு நாலு வார்த்தை என்று எழுதியிருப்பதால் இடம் தாராளமாக இருக்கிறது. ஒரு மரத்தை வெட்டித்தான் என்னைத் திட்ட வேண்டுமா?

இந்த வரலாற்றுக்காக ஏழு அலுவலகம் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு புதுத் தாள்கூட வாங்கவில்லை. கிடைத்த பழைய ஆவணங்களில் விவரம் உள்ள பக்கங்களைப் படம் எடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டு, காலியான பின்பக்கங்களில்தான் குறிப்பெல்லாம் எழுதினேன். படம் வரைந்ததும் ஒரு பழைய விண்ணப்பத்தின் கடைசித் தாளில்தான். வெறும் கையெழுத்துப் பக்கம், படிக்க ஒன்றும் இல்லை. நல்ல தடிமன், பின்பக்கம் சுத்தம். உனக்கும் எனக்கும் நடுவில் மட்டும் ஒரு நீலக் கறை ஊறியிருக்கிறது, பார்த்திருப்பாய். அதன்மேல் பேனா ஓடவில்லை, மை வழுக்குகிறது. அந்த இடத்தைச் சும்மா விட வேண்டியதாகிவிட்டது. இடத்துக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

சின்னம்மா விஷயம். இது அப்பா வழிக் குடும்பப் படம். இரண்டே வகைக் கோடுதான் இதில் உண்டு. ஒன்று பிறப்பு, ஒன்று கல்யாணம். அவர் அப்பா வழியில் பிறக்கவில்லை. இந்தக் குடும்பத்தில் யாரையும் கல்யாணம் செய்யவில்லை. அவருக்குப் பிள்ளைகளும் இல்லை. நம்மை வளர்த்தார், அதை நான் எங்கேயும் மறுக்கவில்லை. ஆனால் வளர்த்ததற்குக் கோடு கிடையாது.

போனை நான் வைக்கவில்லை. நீ போட்ட சத்தத்தில் வீட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், அதனால் நிறுத்தினேன்.

தாளைப் பத்திரமாக அனுப்பு.

தம்பி

&nbsp;

மார்ச் 11

டேய்,

நான் திட்டின திட்டையே எனக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறாயே, உன்னை என்ன செய்தால் தகும்? உறையைப் பிரித்தால் என் கையெழுத்து. ஐயோ, தபால் போய்ச் சேரவில்லை போலிருக்கிறதே என்று பயந்துவிட்டேன். திருப்பினால் நீ. இனிமேல் இரண்டு பக்கமும் எழுதுகிறேன், ஓரத்தில்கூட இடம் விடாமல். அப்புறம் எதில் பதில் எழுதுகிறாய் என்று பார்க்கிறேன்.

வளர்த்ததற்குக் கோடு கிடையாதா? இதை எழுதும்போது உன் கை கூசவில்லையா? உனக்கு அம்மை போட்டபோது பதினேழு நாள் உன் பக்கத்தில் படுத்து, தானும் அம்மை வாங்கிக்கொண்டவள். இன்னும் அவள் நெற்றியில் மூன்று தழும்பு இருக்கிறது. அதை எண்ணிப் பார்த்து மூன்று கோடாகப் போடேன். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருந்தார். அவர் வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் அவள் என்னோடு தையல் மெஷின் வைத்திருந்த அறையில் கதவைத் தாழ் போட்டுப் படுத்துக்கொள்வாள். எதற்கு என்று எனக்கு அப்போது புரியவில்லை. உனக்கு இப்போதும் புரியவில்லை.

அவளைப் பெண் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் கடிகாரம் பழுது பார்க்கிறவர், ஆள் பார்க்க நன்றாகவே இருப்பார். "பிள்ளைங்க இன்னும் கொஞ்சம் வளரட்டும்" என்றாள். நாம் வளர்ந்து முடிப்பதற்குள் கடிகாரக்காரருக்குப் பேரன் பிறந்துவிட்டான்.

பெரியப்பாவின் முதல் சம்சாரம் ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. யாருக்குமே இருக்காது. மூன்றே மாதத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவள், போகும்போது நம் வீட்டுக் குடையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு ஒரு கட்டம், அதைச் சுற்றி இரட்டைக் கோடு! குடைக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கலாமே, அதுவும் நம் வீட்டில் அவளைவிட அதிக நாள் இருந்ததுதான்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். சின்னம்மா தினமும் கேட்டாள். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. முந்தாநாள் தாங்க முடியாமல் அந்த நீலக் கறையைக் காட்டி, "இதோ, இதுதான் நீ" என்று சொல்லிவிட்டேன்.

விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள். "எழுத்து இல்லையே?"

"உனக்குத்தான் படிக்கத் தெரியாதே. அதான் அடையாளமா வெச்சிருக்கான்."

"உனக்கும் அவனுக்கும் நடுவுலயா?"

"ஆமா."

"நல்லா பெருசாவே போட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள். அன்றைக்கு ஒரு பாட்டுகூட முணுமுணுத்தாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழுதேன். வாழ்க்கை முழுக்க உன்னைக் கிண்டல் செய்தே பொழுதைப் போக்கியவள் நான். என்னையே அழ வைத்துவிட்டாய், கேடயக்காரா.

ஏப்ரல் ஆறாம் தேதி யாராவது ஒரு வாண்டு அவளிடம், "இது கறை பாட்டி" என்று சொல்லும். அதற்குள் அவளை அதில் எழுது. இல்லையென்றால் நாங்கள் இரண்டு பேரும் வர மாட்டோம். என் கட்டத்தையும் அழித்துக்கொள். இடம் மிச்சம்.

அக்கா

&nbsp;

மார்ச் 16

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் இடமே இல்லாததால் எங்கள் அலுவலகச் சுற்றறிக்கையின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தைப் படித்துச் சிரிக்காதே. காகிதச் சிக்கனம் பற்றியது. நான் எழுதியதுதான்.

நீ அவரிடம் பொய் சொன்னதற்கு நான் பொறுப்பு இல்லை. என்னால் பொய் எழுத முடியாது. இருபத்திரண்டு வருஷமாக ஆவண அறையில் வேலை பார்க்கிறேன். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் அழுதுகொண்டேதான் வருகிறார்கள். இவர்தான் என் அப்பா, இதுதான் என் வீடு, ஊருக்கே தெரியும் என்கிறார்கள். ஊருக்குத் தெரிந்ததெல்லாம் செல்லாது, தாள் இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்டுத் திருப்பி அனுப்பியவன் நான். என் குடும்பம் என்றதும் வேறு சட்டமா?

இன்னொன்றும் சொல்கிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எட்டாவது படிக்கும்போது சைக்கிள் கடையில் காற்றடிக்க நின்றிருந்தேன். என்னை வைத்துக்கொண்டே கடைக்காரர் இன்னொருவரிடம், "அந்தப் பொம்பள இவங்க வீட்டுல என்ன முறைக்கு இருக்கு?" என்று கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள். நான் காற்றடிக்காமலே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தேன். "டயர் பஞ்சராடா?" என்று வாசலில் நின்ற சின்னம்மாதான் கேட்டார். அன்றிலிருந்து அவரோடு நான் தெருவில் சேர்ந்து நடந்ததில்லை. அவருக்கும் அது தெரியும். உனக்குத்தான் தெரியாது.

அவரை எங்கே எழுதச் சொல்கிறாய்? அப்பா பக்கத்தில் எழுதினால் சைக்கிள் கடைக்காரன் சொன்னதை நானே கையெழுத்துப் போட்டு மாட்டினதாக ஆகும். வேறு எங்கே எழுதினாலும் கோடு இல்லாமல் தனியாகத் தொங்குவார். பார்க்கிறவர்கள் அதையே கேட்பார்கள். என்ன முறை?

எல்லாத் தாளிலும் தேடிவிட்டேன். எங்கே பார்த்தாலும் "உறவினர்" என்றுதான் இருக்கிறது. அவர் நம் அம்மா என்று யாராவது எழுதிய ஒரே ஒரு தாளைக் காட்டு. இந்தப் படத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடைக்குப் போய்ப் புதுத் தாள் வாங்கி, முதலிலிருந்து வரைகிறேன்.

படத்துக்குச் சட்டம் போடுகிறவரிடம் இருபத்தைந்தாம் தேதி என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் அனுப்பு.

தம்பி

&nbsp;

மார்ச் 20

கரையானுக்கு,

படத்தைக் கிழித்துத் தொலைக்காதே. நீ கேட்ட தாள் இந்த உறைக்குள்தான் இருக்கிறது. தேட வேண்டாம். நீ ஏற்கெனவே அதன் முதுகில் நாற்பத்தொரு பேரை உட்கார வைத்திருக்கிறாய்.

சைக்கிள் கடை விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் உன்மேல் கோபமே வரவில்லை. அப்புறம் வந்தது, இரண்டு மடங்காக. கேட்டவனைச் சொல்லத் துப்பில்லை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அவளோடு நடப்பதை நிறுத்தினாயா? அந்த ஆள் கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. நீ இன்னும் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாய், அதுவும் வண்ண வண்ணப் பேனாவில்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக விரிப்பு மடிக்கிறேன். கறை உள்ள விரிப்பு வந்தால் முதலில் திருப்பிப் பார்ப்போம். எந்தப் பக்கத்தில் விழுந்ததோ அந்தப் பக்கம்தான் அழுத்தமாக இருக்கும். மருந்தும் அங்கேதான் போட வேண்டும், இல்லாவிட்டால் போகாது. புதிதாக வருகிற பெண்ணுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. நேற்று உன் தாளை உறையில் போட எடுத்தேன். அந்தக் கறையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கும்போதே கை பழக்கத்தில் தாளைத் திருப்பிவிட்டது.

திருப்பினால் கறை இல்லை தம்பி. கட்டைவிரல். வரி வரியாக, நேற்று வைத்தது மாதிரி.

பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். "தாய். இடது கைப் பெருவிரல் ரேகை." கீழே சின்னம்மாவின் பெயர். அதற்கும் கீழே பள்ளிக்கூடத்து முத்திரை. உன் முதல் வகுப்பு விண்ணப்பம்டா அது. படிக்க ஒன்றும் இல்லாத கையெழுத்துப் பக்கம்!

படித்ததும் அந்த நாள் அப்படியே ஞாபகத்துக்கு வந்துவிட்டது. சேர்க்கைக்குக் கடைசி நாள், அப்பா லாரியில் போய்விட்டார். நீ அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு, "போக மாட்டேன்" என்று பள்ளிக்கூடமே அதிர அழுதுகொண்டிருந்தாய். எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"நீ யாரும்மா பையனுக்கு?"

"அம்மா."

நான் பெரிய நியாயஸ்தி, "சின்ன..." என்று வாயெடுத்தேன். நறுக்கென்று காலை மிதித்தாள். அப்படி ஒரு மிதி. ஒரு வாரம் நொண்டினேன். அவர் மைப்பெட்டிக்கு அன்றைக்குத்தான் புது மை ஊற்றியிருந்தார். அவளும் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல முழு பலத்தோடு கட்டைவிரலை அழுத்தினாள். ஊறாமல் என்ன செய்யும்? தன்னைப் பற்றி அந்த வார்த்தையை அவள் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். உனக்காகச் சொன்னாள். எனக்காகக்கூடச் சொன்னதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு, அதையும் எழுதி வைக்கிறேன்.

அவளிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தாளை மடிக்கவில்லை, எண்ணெய் படவில்லை. ஓரத்தில் ஒரு சொட்டு ஈரம் பட்டிருக்கும், அதை நீ பொறுத்துக்கொள்.

உனக்கு வேண்டியது ஆதாரம். கொடுத்துவிட்டேன். இனி என்ன செய்கிறாய் என்று பார்க்கிறேன்.

அக்கா

&nbsp;

மார்ச் 27

அக்காவுக்கு,

இது புதுத் தாள். கடையில் வாங்கினேன். ஒரு பக்கம் மட்டும்தான் எழுதப் போகிறேன்.

திருப்பிப் பார்த்தேன்.

ஆவண அறையில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நானும் முதல் நாள் ஒரு பாடம் சொல்வேன். கையெழுத்துப் பக்கத்தைப் படம் எடுக்காதே, அதில் விவரம் இருக்காது, கழிவில் போடு என்று. எத்தனை ஆயிரம் போட்டிருப்பேன் என்று தெரியவில்லை. கேடயத்தை எடுத்து அலமாரியின் அடியில் வைத்துவிட்டேன்.

அழுதது எனக்கு ஞாபகம் இல்லை. அவள் கையில் நீலமாக ஏதோ இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. என் சட்டையிலும் அது ஒட்டியிருந்தது.

புதிதாக வரைகிறேன் என்று சொல்லியிருந்தேன். வரையவில்லை. இந்தத் தாளை விட்டு வேறு தாளுக்கு எப்படிப் போவேன்? பெயரை எழுதிப் பார்த்தேன், பேனா வழுக்கிவிட்டது. அதனால் பெயர் எழுதவில்லை. கறையிலிருந்து உனக்கு ஒரு கோடு, எனக்கு ஒரு கோடு. நல்ல காலம், அந்த இடத்தில் நான் யாரையும் எழுதி வைக்கவில்லை. கோடு என்ன வகை என்று அடிக்குறிப்பில் எழுத வேண்டும். எழுதவில்லை. யாராவது கேட்டால் சட்டத்தைத் திருப்பிக் காட்டுவேன்.

சட்டம் போடுகிறவர், "பின்பக்கத்துக்கு அட்டை போதுமே சார், எதுக்குக் கண்ணாடி?" என்றார். "அதுதாங்க முன்பக்கம்" என்றேன்.

சட்டத்தைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். ஆறாம் தேதி கூடத்தில் மாட்டுவதற்கு முன்னால் அவள் பார்க்கட்டும். வரும்போது எடுத்து வாருங்கள். பேருந்து நிலையத்துக்கு நானே வருகிறேன். அங்கிருந்து வீடு ஆறு தெரு. வண்டி பிடிக்க வேண்டாம், நடந்து வரலாம். சைக்கிள் கடை இருந்த தெரு மாதிரிதான் இங்கேயும் ஒன்று இருக்கிறது.

தம்பி

&nbsp;

ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் புதுத் தாளின் பின்பக்கம் காலியாக இருந்தது. விடுவேனா? அதில்தான் எழுதுகிறேன்.

பார்சல் பத்திரமாக வந்தது. சட்டத்தைப் பழைய விரிப்பில் சுற்றி அனுப்பியிருக்கிறாய், அதற்கு மட்டும் ஒரு சபாஷ். ஆனால் உன்மேல் கோபம் தீரவில்லை. முப்பது வருஷத்து நடையை ஆறு தெருவில் கழித்துவிடலாம் என்று பார்க்காதே. திரும்பிப் போகும்போதும் நடக்க வேண்டும்.

நேற்று வேலையிலிருந்து வந்ததும் அவளை ஜன்னல் பக்கத்தில் உட்கார வைத்து, சட்டத்தைத் திருப்பி மடியில் வைத்தேன். சட்டத்துக் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தாள். தன் கட்டைவிரலை எடுத்து அந்த ரேகைமேல் வைத்துப் பார்த்தாள். கொஞ்சம் சிறியதாகியிருக்கிறது, விரல்.

"அந்த ஆளு எவ்ளோ மை வெச்சான்! சோப்பு போட்டும் போகல" என்றாள்.

"ஞாபகம் இருக்கா?"

"உன் கால மிதிச்சதுகூட ஞாபகம் இருக்கு. பொல்லாத வாய்டி உனக்கு."

எனக்குப் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ படத்தில் அவளை எழுதாமல் விட்டதை, நான் பொய் சொன்னதை, நாம் ஒரு மாதமாக அடித்துக்கொண்டதை, கட்டாகக் கிடந்த கடிதங்களைக் காட்டி, ஒன்று விடாமல். சைக்கிள் கடையை மட்டும் சொல்லவில்லை. அதை நீ சொல்.

கேட்டுக்கொண்டே சட்டத்தைத் திருப்பி முன்பக்கம் பார்த்தாள். கறையைத் தொட்டாள். அதிலிருந்து கிளம்பின இரண்டு கோட்டையும் விரலால் ஓட்டிப் பார்த்தாள், உன்மேல் போய் முடிந்ததை இரண்டு தடவை. அப்புறம் என்னை முறைத்தாள்.

"இது நான்தான்னு நீ அன்னிக்கே சொன்னியே. அப்புறம் எதுக்குடி ரெண்டு பேரும் இத்தன காகிதத்த வீணாக்குனீங்க?"